வலிப்பு மருந்து ஆய்வுக்குப் பொன்னேரியிலிருந்து ஒரு பாதை

படகில் நிற்பவருக்கு வலிப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. வலிப்பை நிறுத்தும் மாத்திரை தள்ளாட வைத்தாலும் அவர் தொழிலுக்குப் போக முடியாது. பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து பொன்னேரிக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே புரியும். புது வலிப்பு மருந்து தேடும் ஆய்வகமும், வலிப்பை நிறுத்துகிறதா, தள்ளாட வைக்கிறதா என்ற இதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்போதுள்ள மருந்துகளால் வலிப்பு முழுதாக அடங்குவதில்லை. வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

பிளஸ் டூ முடித்தவர்கள் இந்த ஆய்வுக்கு வர இரண்டு வழிகள். ஒன்று, பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி போன்ற இடத்தில் பி.எஸ்சி. வேதியியல், பிறகு ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில், அல்லது சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மற்றொன்று, பி.ஃபார்ம். சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே இந்தப் படிப்பு உண்டு. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போய்வரும் தூரம்தான். அடுத்து ஜிபேட் தேர்வு; அதன் பிறகு எம்.ஃபார்ம்., அல்லது நைப்பர் நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு. முனைவர் பட்டத்துக்கு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும்.

வேலை எப்படி இருக்கும்? நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டி, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் எஸ். என். பாண்டேயாவும் பி. யோகேஸ்வரியும் அரைல் செமிகார்பசோன் என்னும் வகைச் சேர்மங்களைத் தயாரித்து வலிப்புக்கு எதிராகச் சோதித்தார்கள். யோகேஸ்வரி பின்னர் பிட்ஸ் பிலானியின் ஹைதராபாத் வளாகத்திலும் இத்துறையில் பணியாற்றினார். அனிலினிலிருந்து யூரியா வகைச் சேர்மம், அதோடு ஹைட்ரசீன் சேர்த்து செமிகார்பசைடு, கடைசியில் ஒரு ஆல்டிஹைடோ கீட்டோனோ. படிகள் குறைவுதான். ஆனால் ஹைட்ரசீன் நச்சு. புகைப்போக்கிக் கூண்டுக்கு வெளியே அதைத் தொடவே கூடாது. ஒவ்வொரு படியிலும் டி.எல்.சி., உருகுநிலை, என்.எம்.ஆர். பார்த்து, அன்றன்றே நோட்டில் எழுத வேண்டும்.

அடுத்தது, தயாரித்த சேர்மத்தை எலிகளில் சோதிப்பது. மின் அதிர்ச்சியால் வரும் வலிப்பை மருந்து தடுக்கிறதா, பென்டிலீன்டெட்ரசோல் ஊசியால் வரும் வலிப்பைத் தடுக்கிறதா என்று பார்ப்பார்கள். அதே எலியைச் சுழலும் கம்பியில் நிறுத்துவார்கள்; விழுந்துவிட்டால் மருந்து நரம்பை மந்தமாக்குகிறது என்று பொருள். படகுக்காரருக்கு உதவாத மருந்து அது. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியில்லாமல் ஒரு எலியைக்கூடத் தொட முடியாது, தொடவும் கூடாது.

தயாரிப்பதோடு நின்றுவிடும் ஆய்வுகள் நம்மிடம் அதிகம் என்பது என் கருத்து. ஃபெனிட்டாயின் என்னும் வலிப்பு மருந்தை வேதியியலாளர் பில்ட்ஸ் தயாரித்தது 1908இல். அது வலிப்பை நிறுத்தும் என்று மருத்துவர்கள் மெரிட்டும் புட்னமும் காட்டியது 1938இல். முப்பது ஆண்டுகள் ஒரு நல்ல மருந்து வலிப்புக்கென்று சோதிப்பாரின்றிக் கிடந்தது.

அதனால் முனைவர் பட்ட நெறியாளரைத் தேடும்போது முதலில் இதைக் கேளுங்கள்: "நான் செய்யும் சேர்மத்தை யார், எங்கே சோதிப்பார்கள்?" தெளிவான பதில் வராவிட்டால் வேறு ஆய்வகம் பாருங்கள்.