எல்லாருக்கும் எட்டும் இணையப் பக்கம்

பொது அமைப்புகள் தங்கள் அறிவிப்புகளைச் சுற்றறிக்கையாக அச்சிட்டு வீடுவீடாக அனுப்பிய காலம் உண்டு. இன்று அவை இணையத்தில் வெளிவருகின்றன. படிப்பவர்களில் பெரும்பாலோர் கைத்தொலைபேசியில்தான் படிக்கிறார்கள். அந்தச் சிறிய திரையில் நம் பக்கம் எப்படித் தெரிகிறது, பார்வை மங்கிய மூத்தோருக்கும் பார்வையே இல்லாதவருக்கும் அது எவ்வாறு சென்று சேர்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் சோதித்துப் பார்த்திருக்கிறோம்? இக்கட்டுரை கணினி வல்லுநர்களுக்காக எழுதப்பட்டதன்று. சங்கத்தின் இணையப் பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் தொண்டூழியர்களுக்கும், அப்பணியை அவர்களிடம் ஒப்படைக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் உரியது.

என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் தொண்டாற்றிய ஓர் அமைப்பு, உபகாரச் சம்பளத்திற்கு மாணவர்களிடமிருந்து விண்ணப்பங்களைக் கோரியது. அறிவிப்பை அழகிய படமாக வரைந்து வாங்கி, அப்படியே பக்கத்தில் ஏற்றினேன். சிவப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு. செயலவையில் எல்லாரும் பாராட்டினார்கள். கடைசி நாள் கடந்த மூன்றாம் நாள் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பேத்திக்காக விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நாள் எது என்று கேட்டார்.

"பக்கத்திலேயே போட்டிருக்கிறோமே ஐயா" என்றேன்.

"எனக்குக் கண் தெரியாது தம்பி. போன்தான் வாசித்துக் காட்டும். உங்கள் பக்கத்துக்குப் போனால் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அந்தப் படத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டேன் என்கிறதே" என்றார்.

அவருடைய விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. விதியைத் தளர்த்த முடியாது என்றது செயலவை. விதியில் குறை இல்லை. குறை நான் ஏற்றிய படத்தில் இருந்தது.

பார்வையற்றோர் கணினியையும் கைத்தொலைபேசியையும் எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்பதை முதலில் அறிந்துகொள்வோம். திரையில் உள்ள எழுத்தை உரக்க வாசிக்கும் மென்பொருள்கள் உள்ளன. ஆப்பிள் கைத்தொலைபேசியில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் டாக்பேக் ஆகியவை அத்தகையவை. கணினிக்கு என்விடிஏ என்னும் மென்பொருள் 2006ஆம் ஆண்டு முதல் இலவசமாகவே கிடைத்து வருகிறது. இவை வாசிப்பது பக்கத்திற்குள் எழுத்தாகப் பதிந்திருப்பதை. படமாக வரையப்பட்ட எழுத்து அவற்றுக்கு எழுத்தன்று. ஆகவே அறிவிப்பின் முழு வாசகமும் பக்கத்தில் எழுத்தாகவே இடம்பெற வேண்டும். அழகுக்குப் படமும் வேண்டுமென்றால் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அதில் என்ன இருக்கிறது என்பதை ஒரு வரியில் மாற்றுரையாக எழுதிச் சேர்க்க வேண்டும்.

இதனால் பயன் பெறுபவர் பார்வையற்றவர் மட்டும்தானா? இல்லை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் இடம் தேவை. 2,000 குறியீடுகள் கொண்ட ஓர் அறிவிப்பு ஏறக்குறைய 6,000 பைட்தான். அதே அறிவிப்பைப் படமாக்கினால் 3 மெகாபைட் ஆவது எளிது. அதாவது 500 மடங்கு. மாதக் கடைசியில் இணைய ஒதுக்கீடு தீர்ந்துபோன நிலையில் பக்கத்தைத் திறப்பவருக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும். படத்தில் உள்ள எழுத்தைத் திரையின் அகலத்திற்கேற்ப மடக்கவும் முடியாது. விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளித்தான் படிக்க வேண்டும்.

எழுத்தாக இட்டுவிட்டால் போதுமா என்றால், தமிழைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் உண்டு. 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோர் தமிழை இணையத்தில் ஏற்றிய நாளில், ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்களும் பல. அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழ் தெரியும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். இன்று யூனிகோடு அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஆண்டறிக்கையையும் விண்ணப்பப் படிவத்தையும் தட்டச்சு செய்யும் இடங்கள் சிலவற்றில் பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றிலிருந்து உருவாக்கப்படும் பிடிஎஃப் கோப்பு, கண்ணுக்கு நல்ல தமிழாகத் தெரியும். வாசிக்கும் மென்பொருளுக்கோ அது ஆங்கில எழுத்துக் குப்பை. தேடுபொறிக்கும் அப்படியே. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து, யாருக்காவது அனுப்பும் குறுஞ்செய்தியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் நல்லது. உளறலாக வந்தால் அந்தக் கோப்பை ஏற்றாதீர்கள்.

மொழிக் குறிப்பையும் மறக்கக்கூடாது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் அது எந்த மொழியில் உள்ளது என்று குறிக்க இடம் உண்டு. ஆயத்தமாகக் கிடைக்கும் வார்ப்புகளில் ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருக்கும். நாம் அதன்மேல் தமிழை நிரப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். வாசிக்கும் மென்பொருள் ஆங்கிலக் குரலை வைத்துக்கொண்டு தமிழோடு மல்லுக்கட்டும், அல்லது வாய்மூடி இருந்துவிடும். மாற்ற வேண்டியவை இரண்டே எழுத்துகள். தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கமானால், மொழி மாறும் பகுதியைத் தனியாகக் குறிக்கலாம்.

இனித் திரையின் அகலம். முன்பு சில அமைப்புகள் கணினிக்கு ஒரு பக்கம், கைத்தொலைபேசிக்கு ஒரு பக்கம் என்று இரண்டு வைத்திருந்தன. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று பழையதாகவே கிடக்கும். 2010ஆம் ஆண்டில் ஈதன் மார்கோட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு கட்டுரையில், ஒரே பக்கம் திரைக்கேற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் முறையை விளக்கினார். இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. அதற்குப் பக்கத்தின் தலைப்பகுதியில் 'வியூபோர்ட்' என்னும் ஒரு வரி தேவை. அந்த வரி இல்லாவிட்டால் ஆப்பிள் கைத்தொலைபேசியின் உலாவி, பக்கம் 980 புள்ளி அகலம் உடையதென்று எண்ணிக்கொண்டு முழுவதையும் எறும்பு அளவுக்குச் சுருக்கிவிடும்.

தமிழுக்கென்று இங்கே தனிக் கவனம் வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. 'விண்ணப்பித்துள்ளவர்களுக்கு' என்னும் ஒரு சொல்லே தலைப்பு அளவில் எழுதினால் கைத்தொலைபேசித் திரையைத் தாண்டிவிடும். ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்காகச் செய்யப்பட்ட பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்று எழுதினால் கடைசி எழுத்துகள் வெளியே தொங்கும். அகலத்தை இத்தனை புள்ளி என்று கட்டிப்போடாமல், உள்ளே இருக்கும் சொல்லுக்கேற்ப விரிய விட்டால் போதும். வரிகளுக்கு இடையிலும் சற்றுத் தாராளமாக இடம் விட வேண்டும். மேலே 'கி', 'கீ' ஆகியவற்றின் சுழியும் கீழே 'ணு', 'து' ஆகியவற்றின் வாலும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டால், கண் நல்ல நிலையில் உள்ளவருக்கே படிக்கச் சிரமம்.

வண்ணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, எல்லாரும் அணுகத்தக்க பக்கங்களுக்கான நெறிமுறைகளை 1999ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியிட்டது. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் புதுப்பித்தது. 2008ஆம் ஆண்டின் பதிப்பு, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. பெரிய எழுத்துக்கு 3 போதும். நமக்குப் பிடித்த பளிச்சென்ற சிவப்பில் மஞ்சள் எழுத்து எவ்வளவு தெரியுமா? 3.7தான். தலைப்புக்குச் சரி, உள்ளே உள்ள சிறிய எழுத்துக்குப் பற்றாது. நான் போட்ட படத்தில் கடைசி நாள் அந்தச் சிறிய எழுத்தில்தான் இருந்தது! சிவப்பைக் கருஞ்சிவப்பாக அடர்த்தியாக்கினால் வேறுபாடு 10க்கு மேல் உயர்ந்துவிடும். மங்கலமும் குறையாது, எழுத்தும் தெளிவாகத் தெரியும்.

படிவங்களில் ஒரு சொல். 'அடையாள அட்டை எண்' என்று கட்டத்துக்கு உள்ளே மங்கலாக எழுதி வைக்கிறார்கள். தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடுகிறது. பாதியில் நிறுத்தியவருக்கு எது எந்தக் கட்டம் என்று விளங்காது. கட்டத்தின் மேலே வெளியில் எழுதி, இரண்டையும் பிணைத்து வைப்பதே முறை. தொடும் இடங்கள் மிகச் சிறியனவாக இருந்தால் நடுங்கும் விரல்கள் தவறான பொத்தானில் படும். 2023ஆம் ஆண்டின் நெறிமுறை 24 புள்ளியைக் கீழெல்லையாக வைக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 44 என்கிறது. நான் பெரியதையே பரிந்துரைப்பேன்.

மறு ஆண்டு அறிவிப்பைப் புதிதாக எழுதி முடித்ததும், வெளியிடுவதற்கு முன் அந்தப் பெரியவரின் வீட்டுக்கே சென்றேன். வரவேற்பறையில் அமர்ந்து, தம் கைத்தொலைபேசியில் பக்கத்தைத் திறந்தார். தலைப்பு, தகுதி, கடைசி நாள் எல்லாவற்றையும் அது தடையின்றி வாசித்தது. பேத்தி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இறுதியில் அலுவலகத் தொலைபேசி எண் வந்தது. எட்டு இலக்கங்களையும் சேர்த்து எழுதியிருந்தேன். "ஆறு கோடியே..." என்று தொடங்கி இலட்சம், ஆயிரம் என அது அடுக்கிக்கொண்டே போயிற்று.

பெரியவர் சிரித்துவிட்டார். "தம்பி, இது உபகாரச் சம்பளத் தொகையா, போன் நம்பரா?" என்று கேட்டார்.

அன்றிரவே எண்ணை ஒவ்வோர் இலக்கமாக இடம் விட்டுப் பிரித்து எழுதி, தொட்டால் அழைப்புச் செல்லும்படியும் செய்தேன். மறுநாள் காலையில் வந்த முதல் அழைப்பு அவருடையது.