பாக்கெட்டை விட்டு அடுப்படிக்கு

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தாலே வீகன் என்று நம்பிவிடாதீர்கள். பால் பவுடர் சேர்த்த பிஸ்கட்டுக்கும் அதே புள்ளிதான். பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

வீகனுக்கு மாறும் பலரும் தடுமாறுவது தயிரில்தான். ஒரு கப் வேர்க்கடலையை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, 3 கப் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். அடிப்பிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் நாலைந்து பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு மூடுங்கள். மறுநாள் உறைந்திருக்கும். முதல் ஈடு சற்று இளகலாகத்தான் வரும். அதில் ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்ததற்கு உறை ஊற்றுங்கள். மோர்க்குழம்புக்கு அருமை. காபிக்கு இந்தக் கடலைப்பால் வேண்டாம், வாசனை கெடுக்கும்.

நூடுல்ஸ் தேடும் அவசரப் பசிக்கு அவல் போதும். வைட்டமின் பி12 மட்டும் காய்கறி, பருப்பில் கிடைக்காது. மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.