ஆட்டுயிர் காக்கும் கண்ணாடிக் குழாய்

இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையோரத்துச் சிற்றூர்களில் ஆடே ஏழைக் குடும்பத்தின் கைமுதலாகும். 'இராமநாதபுரம் வெள்ளை' என்னும் செம்மறியினம் இம்மாவட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. பனங்காட்டிலும் சீமைக் கருவேலம் புதரிலும் மேயும் ஆடுமாடுகளுக்குக் கண்ணாடி விரியனாலும் சுருட்டை விரியனாலும் நேரக்கூடிய ஆபத்தை நாம் அறிவோம். அந்நஞ்சு இரத்தத்தில் செய்யும் வேலையையும் அறிந்தோமாயின், காலத்தில் மருத்துவம் செய்விக்கலாம்.

நஞ்சு செய்வது என்ன?

விரியன் நஞ்சு இரத்தத்தை நீர்க்கச் செய்வதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அது முதலில் உறைதலையே தூண்டுகிறது. கண்ணாடி விரியன் நஞ்சு ஐந்தாம், பத்தாம் உறைதற் காரணிகளையும், சுருட்டை விரியன் நஞ்சு புரோத்திராம்பினையும் கிளப்பிவிடுகின்றன. இதனால் பைபிரினோஜென் என்னும் உறைபுரதம் செலவாகித் தீர்கிறது. பின்னர் உறைவதற்குப் பொருளின்றி, ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் கசிகிறது.

குழாய்ச் சோதனை

கால்நடை மருத்துவர் 2 மில்லி லிட்டர் சிரை இரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார். இரத்தம் நீராக ஓடினால் உறையுந்தன்மை கெட்டுவிட்டது என்பது பொருள். கண்ணாடியின் மேற்பரப்பே உறைதலைத் தொடக்கி வைப்பதால் பிளாஸ்டிக் குழாய் ஆகாது. சோப்பிட்டுக் கழுவிய குழாயும் பொய்க்கும். இச்சோதனை மனிதருக்கென வகுக்கப்பட்டது. உறையும் நேரம் விலங்குக்கு விலங்கு வேறுபடும். ஆகவே அதே மந்தையின் நலமான ஆட்டிரத்தத்தையும் உடன்வைத்து ஒப்பிடுதல் நன்று.

முன்னரே அறியும் வழி

பைபிரினோஜென் பெரிதும் குறைந்த பின்னரே இக்குழாய் உண்மையைக் காட்டும். அதற்கு முன் அறிய ஆய்வுக்கூடம் வேண்டும். தட்டணுக்கள் குறைதலும், புரோத்திராம்பின் நேரம் நீளுதலும், உறைவு சிதைவதால் தோன்றும் டி-டைமர் மிகுதலும் அங்கே கவனிக்கப்படும் குறிகளாம். உறைதல் நேரச் சோதனைகளுக்கு 9 பங்கு இரத்தத்துடன் 1 பங்கு சிட்ரேட்டுக் கரைசல் கலந்து அனுப்பவேண்டும். அளவு பிசகினால் முடிவும் பிசகும்.

நாம் செய்யவேண்டுவன

நல்ல பாம்பு, கட்டு விரியன் ஆகியவற்றின் நஞ்சு நரம்பைத் தாக்குவது. எனவே இரத்தம் உறைந்தது கண்டு கடியே இல்லையென்று இருந்துவிடலாகாது. விரியன் கடியிலும் முதற் சோதனை தவறாகத் தேற்றக்கூடுமாதலால், மறுமுறையும் பார்த்தல் வேண்டும். கடிவாயைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் தீமையே. கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, விலங்கை நடத்தாமல் வண்டியிலேற்றிக் கால்நடை மருந்தகம் சேர்ப்போமாக. நஞ்சுமுறி மருந்து பயன்தருவது காலத்தில் செலுத்தினால்தான்.