மழை ஓயும்வரை கவட்டையைப் பாருங்கள்

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டது. குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்கள் இனி வாரம் ஒருமுறை இளமரங்களின் கவட்டையை அண்ணாந்து பார்க்க வேண்டும். பிங்க் நோய் வரும் காலம் இது. 2 வயது முதல் 12 வயது வரையுள்ள மரங்களைத் தாக்கும். 3 முதல் 7 வயதுக்குள்தான் கடுமை அதிகம். வயிறு எரிவதும் அதனால்தான். பால் வெட்டு தொடங்க ஏழு ஆண்டு காத்திருந்து வளர்த்த மரம் ஒரே மழைக்காலத்தில் தலை காய்ந்து நிற்கும். ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 ரகம் வைத்தவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள்.

கிளை பிரியும் இடத்தில் மழைநீர் தங்கி, பட்டை சீக்கிரம் உலராது. காற்றிலும் மழைத்துளியிலும் வரும் கார்டிசியம் சால்மோனிகலர் என்ற பூஞ்சையின் வித்துகள் அந்த ஈரத்தில் முளைத்துப் பட்டைக்குள் இறங்குகின்றன. முதல் அடையாளம், கவட்டையிலிருந்து கோடுகோடாக வழிந்திருக்கும் பால். கூடவே ஒட்டடை போன்ற வெள்ளை இழை. சிலந்தி வலை என்று விட்டுவிடாதீர்கள். வலை பட்டையை விட்டு விலகி நிற்கும், இது பட்டைமேல் படிந்திருக்கும். பிறகு அது இளஞ்சிவப்புப் பொருக்காகி, பட்டை வெடித்து, மேல்கிளை காயும். காய்ந்த இலை உதிராமல் தொங்கும். நோய் கண்ட இடத்துக்குக் கீழே புதுத்துளிர் வரும். அதைப் பார்த்து மரம் தப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம்; மேலே கிளை சாவதால்தான் கீழே உறங்கிக் கிடந்த மொட்டு விழிக்கிறது.

வெள்ளை இழை கண்ட அன்றே 10 சதவீத போர்டோ பசை பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரில் கரையுங்கள். 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறு அரை லிட்டரில் நீற்றி ஆறவிடுங்கள். துத்தநீரைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது. பிளாஸ்டிக் வாளி போதும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுங்கள். கத்தியில் செம்புநிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, பட்டை கருகும்; படியாதவரை சுண்ணாம்புநீர் சேருங்கள். கலந்த அன்றே பூசித் தீர்த்துவிடுங்கள். நோய் கண்ட இடத்துக்கு மேலும் கீழும் 30 சென்டிமீட்டர் வரை தூரிகையால் சுற்றிப் பூச வேண்டும். வெயில் கண்டதும் செத்த பட்டையைச் சுரண்டி மறுபடி பூசுங்கள்.

காய்ந்த கிளையை மழைக்குள் வெட்டி இழுத்துக்கொண்டு போகாதீர்கள், வழியெல்லாம் வித்து உதிரும். மழை விட்டபின், முதலில் நீர்த்த போர்டோ கலவை தெளித்து, அதன் பிறகு வெட்டி அங்கேயே எரியுங்கள்.

பால் வெட்டு நடக்கும் மரத்தில் போர்டோ போன்ற செம்பு மருந்து கூடாது. பாலில் செம்பு சிறிது கலந்தாலும் ரப்பர் ஷீட்டின் தரம் கெடும். அந்த மரங்களுக்கு மாற்று மருந்தை ரப்பர் வாரிய அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

தோட்டத்து ஓரத்தில் பலா நின்றால் அதன் கவட்டையையும் பாருங்கள். இதே பூஞ்சை அதையும் பிடிக்கும்.