வாசலைத் தாண்டும் திருவிழா

திருவிழாவை இருவகையாகக் கொண்டாடலாம். மக்கள் ஆலயத்திற்கு வருவது ஒன்று. ஆலயம் மக்களை நாடிச் செல்வது மற்றொன்று. கிறிஸ்துமஸின் மூலக்கதை இரண்டாவது வகையைச் சார்ந்தது. லூக்கா எழுதிய நற்செய்தியின்படி, சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தில் ஏசுபிரான் பிறந்தார். அச்செய்தி முதலில் எட்டியதும் அரண்மனைக்கு அன்று. இரவில் வெட்டவெளியில் மந்தையைக் காத்திருந்த இடையர்களுக்கே. ஆகவே டிசம்பர் மாதத்தில் ஒரு தேவாலயம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, 'எத்தனை பேர் வந்தார்கள்?' என்பதன்று, 'இவ்வூரில் இடம் கிடைக்காதவர் யார்?' என்பதாகும்.

மலை சொல்லும் பாடம்

இடுக்கி மாவட்டத்தின் மூணாறில், குன்றின்மீது கல்லால் கட்டப்பட்ட சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயம் நிற்கிறது. அதற்கு 1910-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் அருகிலுள்ள கல்லறைத் தோட்டம் ஆலயத்தைவிட மூத்தது. தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவரின் இளம் மனைவியான எலினர் நைட், 1894 டிசம்பரில் காலராவுக்கு இரையாகி அங்கே அடக்கம் செய்யப்பட்டார். அம்மலையில் துயரம் முன்னே வந்தது. ஆலயம் பின்னே வந்தது. எந்த ஆலயத்திற்கும் பொருந்தும் வரிசை இது.

அதே மலையில் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள் தலைமுறைகளாகத் தேயிலை பறித்து வந்துள்ளனர். லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் பல சமயத்தவரும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்தபோது, இறந்தோரும் காணாமற்போனோருமாக 70 பேரை அம்மக்கள் இழந்தனர். இடிந்து விழுந்த மண் யாருடைய சமயத்தையும் விசாரிக்கவில்லை. ஆறுதல் மட்டும் அதை விசாரிக்கலாமா?

இப்போது ஜார்க்கண்ட், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் அத்தோட்டங்களில் உழைக்கிறார்கள். ஒருகாலத்தில் தமிழர் அங்கே அந்நியர். இன்று இவர்கள் அந்நியர். அந்நியனாய் இருந்ததன் வலியை அறிந்தவனே அந்நியனை வரவேற்கத் தகுதியுள்ளவன்.

மூன்று வழிகள்

முதலாவது, கேட்டறிதல். கரோல் எனப்படும் கீத பவனி வழக்கமாக வசதியான வீடுகளில் நின்று பாடிக் காணிக்கை பெறுகிறது. அது நோயுற்றோர் வீட்டையும், தனித்து வாழும் முதியோரின் வாசலையும் முதலில் நாடட்டும். பாடுவதற்கு முன் அவர்கள் தேவையைக் கேட்கட்டும். மலையில் டிசம்பர் குளிர் கடுமையானது. ஒருவருக்குப் போர்வை வேண்டியிருக்கலாம். மற்றொருவருக்கு மருத்துவமனைக்குத் துணைவர ஓர் ஆள் வேண்டியிருக்கலாம்.

இரண்டாவது, மொழி. பாலக்காட்டின் கிழக்கெல்லையில் கொழிஞ்சாம்பாறை போன்ற ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. 2013-இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அம்மாவட்டத்தில் தோன்றியது. ஒரு மனிதனின் தாய்மொழியில் நலம் விசாரிப்பது, அவன் இருப்பை ஒப்புக்கொள்வதாகும். வடநாட்டுத் தொழிலாளிக்காக இந்தியில் ஒரு பாட்டுக் கற்பதும் வழிபாடே.

மூன்றாவது, கைம்மாறு கருதாமை. விருந்தளிப்பவர், திருப்பி அழைக்க வழியற்ற ஏழைகளை அழைக்கட்டும் என்று ஏசுபிரான் போதித்ததாக லூக்கா கூறுகிறார். அவ்விருந்தில் பரிமாறுகிறவர்களும் உண்பவர்களும் ஒரே பந்தியில் அமர்ந்தால், ஈகை உறவாக மாறும்.

ஓர் எச்சரிக்கை

மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாகக் கொள்ளலாகாது. அவனே இலக்கு என்றார் ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட். போர்வை கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுப்பதும், உணவு கொடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு வருவாரா என்று கணக்கிடுவதும் மனிதனைக் கருவியாக்குகின்றன. அப்போது பெற்றவன் கை நிறைகிறது. அவன் தலை குனிகிறது. தலையைக் குனியவைக்கும் தானம், கொடுத்தவரையும் உயர்த்துவதில்லை.

இந்த எச்சரிக்கை தேவாலயங்களுக்கு மட்டும் உரியதன்று. கோயில், பள்ளிவாசல், மடம் எதுவாயினும், விழாக்காலச் சேவைக்கு இதுவே உரைகல். ஜனவரி பிறந்து, நட்சத்திர விளக்குகள் இறக்கப்பட்ட பிறகும் அந்த லயத்தின் வாசலுக்கு யாரேனும் நலம் விசாரிக்கச் செல்கிறார்களா? செல்கிறார்கள் எனில், கிறிஸ்துமஸ் அங்கே உண்மையில் வந்து சேர்ந்தது.