அம்மா குரலும் ஒரு சிக்னல்தான்

லோ-பாஸ் ஃபில்டர்னா நமக்கு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும்தான் ஞாபகம் வரும். ஆனா நாம எல்லாருமே முதன்முதலா கேட்ட குரல் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் வழியா வந்ததுதான். கருவில் இருக்கிற குழந்தைக்குக் காது கேட்க ஆரம்பிப்பது சுமார் 25-வது வாரத்தில். வெளியே இருந்து வரும் சத்தத்தின் உயர் அதிர்வெண்களை அம்மாவோட வயிற்றுச் சுவரும் பனிக்குட நீரும் பெரும்பாலும் வடிகட்டிவிடும். அம்மாவோட குரல் மட்டும் ஸ்பெஷல். காற்று வழியா மட்டும் இல்லாம, அவங்க எலும்பு, தசை வழியாவும் நேரா உள்ளே இறங்கும். வார்த்தை தெளிவா இருக்காது. ஏற்ற இறக்கமும் தாளமும் போய்ச் சேரும். பின்னணியில் எந்நேரமும் இதயத் துடிப்பு.

37 வாரம் முடியறதுக்கு முன்னாடி பிறந்தா குறைமாதக் குழந்தை. 28 வாரத்தில் பிறக்கிற ஒரு குழந்தையை நினைச்சுப் பாருங்க. கேட்க ஆரம்பிச்சே மூணு வாரம்தான் ஆகுது, அதுக்குள்ள அந்தக் குரல் கட். பதிலுக்கு இன்குபேட்டர் ஃபேன், மானிட்டர் அலாரம், கதவு மூடும் சத்தம், எல்லாமே ஃபில்டர் இல்லாமல். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் சத்தம் 45 டெசிபலுக்குள் இருக்கணும்னு அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் பரிந்துரைக்குது. நாம சாதாரணமா பேசுறதே 60 பக்கம் வரும். டெசிபல் லாக் ஸ்கேல் என்பதால் இந்த 15 டெசிபல் வித்தியாசம் பவரில் சுமார் 30 மடங்கு.

போன சிக்னலைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? பாஸ்டனில் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. 25 முதல் 32 வாரத்துக்குள் பிறந்த 40 குழந்தைகள். ஒரு பாதிக்கு வழக்கமான மருத்துவமனைச் சத்தம் மட்டும். இன்னொரு பாதிக்குக் கூடுதலா தினமும் சுமார் 3 மணி நேரம், அவங்கவங்க அம்மாவோட குரலும் இதயத் துடிப்பும். கருப்பைக்குள் கேட்பது போலவே உயர் அதிர்வெண்களை வெட்டிட்டுத்தான் ஒலிபரப்பினாங்க. 30 நாள் கழிச்சு அல்ட்ராசவுண்டில் பார்த்தா, அம்மா குரல் கேட்ட குழந்தைகளுக்கு மூளையில் ஒலியைக் கையாளும் பகுதி பெரிசா இருந்தது. 2015-ல் வெளியான ஆய்வு இது. இந்தக் குழந்தைகள் பின்னாடி நல்லா பேசுவாங்கன்னு இது நிரூபிக்கல. அளந்தது தடிமனை மட்டும்தான்.

இதைப் படிச்சதும் எனக்கு மினி ப்ராஜெக்ட் ஐடியா வந்துடுச்சு. ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், அம்மா குரல், 24 மணி நேர லூப். நல்ல வேளை, கைடுகிட்ட சொல்லல. அந்தக் குழந்தை நாளின் பெரும்பகுதி தூங்கணும். ஏற்கெனவே சத்தமான பெட்டிக்குள் இன்னொரு சத்த மூலத்தைப் போடுறது, அதுவும் ஓப்பன் லூப்பில். குழந்தைக்கு வேணுமா வேண்டாமான்னு கேட்க அந்த சர்க்யூட்டில் இடமே இல்லை.

குழந்தையிடம் கேட்கவும் வழி இருக்கு. 1980-ல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிறந்து மூணு நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு நிப்பிளை வெச்சாங்க. உறிஞ்சுறதுக்கு நடுவில் விடும் இடைவெளியைக் குழந்தை மாத்தினா, ஸ்பீக்கரில் அம்மா குரல் வரும். மாத்தலைன்னா வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் அம்மா குரல் வர்ற மாதிரி தங்கள் உறிஞ்சலை மாத்திக்கிட்டாங்க!

அதே தத்துவம் 2014-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வில் சிகிச்சையாவே வந்தது. குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடும் ஒருங்கிணைப்பு சுமார் 34 வாரம் வரை சரியா வராது. அதனால் பால் குழாய் வழியா. அந்த ஆய்வில் நிப்பிளுக்குள் ஒரு பிரஷர் சென்சார். சரியா உறிஞ்சினா அம்மா பாடிப் பதிவு செஞ்ச தாலாட்டு ஒலிக்கும், நிறுத்தினா பாட்டும் நிற்கும். தினமும் 15 நிமிஷம், 5 நாள். அவ்வளவுதான். சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்குக் குழாய் சுமார் ஒரு வாரம் முன்னாடியே தேவையில்லாமல் போச்சு. குழாய் போனாதான் வீட்டுக்கு அனுப்புவாங்க என்பதால் அந்த ஒரு வாரம் பெரிய விஷயம். நான் படிச்ச க்ளோஸ்டு லூப் சிஸ்டங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

ஆனா இதைவிடச் சிறந்த சென்சார் ஒண்ணு இருக்கு: பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மா. குழந்தை விரல்களை விரிச்சாலோ, விக்கினாலோ, முகத்தைத் திருப்பினாலோ போதும்னு புரிஞ்சுக்கிட்டுப் பேச்சை நிறுத்திடுவாங்க. எந்த ரெக்கார்டிங்கும் அதைச் செய்யாது. இத்தாலியின் ஆவோஸ்தாவில் 20 குறைமாதக் குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது, அம்மா நேரடியா பேசிய சமயத்தில் வலிக்கான அறிகுறிகள் குறைஞ்சதும், உமிழ்நீரில் ஆக்ஸிடோசின் கூடினதும் பதிவாச்சு. அம்மாவே உடல்நலமில்லாமல் வேற வார்டில் இருந்தாலோ, ஊர் தூரமா இருந்தாலோ, அப்போ ரெக்கார்டிங் கை கொடுக்கும்.

கடைசியில் என் ப்ராஜெக்ட் சிக்னலை விட்டுட்டு நாய்ஸ் பக்கம் போயிடுச்சு. வார்டில் 45 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும் ஒரு சின்ன மீட்டர். அம்மா மெதுவா பேசினாலும் குழந்தைக்குக் கேட்கணும்ல? போன வாரம் டெமோவில் டீம்மேட் ஒருத்தன் கேட்டான், "மச்சி, கூடவே ஒரு பஸ்ஸரும் போட்டுடலாமா?"