உடும்பு வளர்ப்பது எளிதா?

பிடித்ததை விடாதவரின் பிடியை 'உடும்புப் பிடி' என்கிறோம். பாறை இடுக்கில் புகுந்த உடும்பு, வளைந்த நகங்களை ஊன்றிக்கொண்டு காற்றை உள்ளிழுத்து உடலை உப்பச் செய்துவிட்டால், அதை வெளியே இழுப்பது பெரும்பாடு. இந்தப் பிராணியை நாய், பூனை போல வீட்டில் வளர்ப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உடும்புக் குஞ்சுகள் செல்லப் பிராணிக் கடைகளிலேயே விற்கப்படுகின்றன.

நம் நாட்டில் இதற்கு இடமில்லை. இந்தியாவில் வாழும் நான்கு வகை உடும்புகளும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் அடைத்து வைப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். (கஞ்சிராவுக்கு உடும்புத் தோல் போர்த்தியதெல்லாம் அந்தக் காலம்.) ஆயினும், ஓர் உடும்பை நலமாக வைத்திருக்க என்னென்ன தேவை என்று கணக்குப் பார்த்தால், ஊர்வனவற்றின் உடல் இயங்கும் விதம் நமக்கு நன்றாக விளங்கும்.

மேலை நாட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது ஆப்பிரிக்காவின் சவன்னா உடும்பு. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து இதன் குஞ்சுகள் ஏராளமாக ஏற்றுமதியாகின்றன. வாங்கும்போது அதன் நீளம் ஒரு சாண்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அது ஒரு மீட்டரை எட்டுகிறது. தென்கிழக்கு ஆசியாவின் நீர் உடும்போ இரண்டு மீட்டரையும் தாண்டி வளரும்.

குஞ்சைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் ஏமாறுகிறார்கள். கையில் எடுத்தால் அசையாமல், கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும் குஞ்சைப் பார்த்து 'எவ்வளவு சாது!' என்று மகிழ்கிறார்கள். உண்மையில் அது குளிராலோ, நீர்ச் சத்து இழப்பாலோ, நோயாலோ துவண்டு கிடக்கக்கூடும். சீறிக்கொண்டு ஓடி ஒளிவதுதான் நலமான குஞ்சின் இயல்பு. வாலின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். அங்கேதான் கொழுப்புச் சேமிப்பு இருக்கிறது. எலும்பு துருத்திக்கொண்டிருந்தால் அது பட்டினி கிடந்த குஞ்சு.

இனி வெப்பத்தைப் பார்ப்போம். பாடநூல்கள் ஊர்வனவற்றைக் 'குளிர் இரத்தப் பிராணிகள்' என்று அழைப்பது எனக்கு உடன்பாடில்லை. வெயில் காய்ந்த உடும்பின் உடல் வெப்பம் ஏறக்குறைய 36 டிகிரி செல்சியஸ், அதாவது கிட்டத்தட்ட நம் உடலின் அளவுதான். வேறுபாடு என்னவென்றால், நாம் உணவை எரித்து வெப்பத்தை உண்டாக்குகிறோம். உடும்பு அதை வெளியிலிருந்து பெறுகிறது. எனவே கூண்டின் ஒரு மூலையில், விளக்கின் கீழ், கல்லின் மேற்பரப்பு 50 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். மறுமூலை 25 டிகிரி அளவில் இருக்க வேண்டும். 50 டிகிரியில் உடும்பு வெந்துவிடாதா என்று கேட்பீர்கள். அது அங்கேயே படுத்திருப்பதில்லை. விரைவில் சூடேறியதும் நகர்ந்துவிடும். கூண்டு முழுவதும் ஒரே வெப்பமாக இருந்தால்தான் ஆபத்து. அப்போது நகர இடமில்லை. வெப்பம் போதாவிட்டாலும் தொல்லையே: செரிமான நொதிகள் வேலை செய்யாமல், விழுங்கிய இரை வயிற்றிலேயே அழுகும்.

'சவன்னா' என்றதும் வறண்ட மணலைப் பரப்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த உடும்பு வளை தோண்டி, ஈரக் காற்று தங்கும் மண்ணுக்குள் நெடுநேரம் கழிக்கிறது. அதற்கு அரை மீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் ஈர மண் வேண்டும். இது ஆடம்பரமன்று. ஊர்வன தம் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. இந்த அமிலம் நீரில் எளிதில் கரையாது. உடலில் நீர் குறைந்தால் அது சிறுநீரகத்திலும் மூட்டுகளிலும் படிகமாகப் படிகிறது. பல உடும்புகள் இப்படித்தான் மடிகின்றன.

ஒளியும் தேவை. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலில் வைட்டமின் 'டி'யை உண்டாக்கி, கால்சியம் எலும்பில் சேர உதவுகின்றன. ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிர்களைத் தடுத்துவிடுவதால், கண்ணாடி வழியே வரும் வெயிலால் இந்தப் பயன் இல்லை. தனி விளக்குப் பொருத்த வேண்டும்.

உணவில் இன்னொரு தவறு நடக்கிறது. வளர்ப்பவர்கள் எலிகளை வாரி வழங்குகிறார்கள். காட்டில் இந்த உடும்பின் இரையோ பூச்சிகள், மரவட்டைகள், நத்தைகள் போன்றவை. வளர்ந்த உடும்பின் பின்பற்கள் மழுங்கி, ஓடு நொறுக்க ஏற்றவையாக இருப்பதே இதற்குச் சாட்சி. எலிக் கொழுப்பில் வளர்ந்த உடும்பு பருத்து, கல்லீரல் கெட்டு, நடக்கவே தடுமாறுகிறது.

இத்தனைக்கும் கூண்டு எவ்வளவு பெரிதாக வேண்டும் தெரியுமா? எட்டு அடி நீளம், நான்கு அடி அகலம். ஓர் அறையின் பாதியை அது பிடித்துக்கொள்ளும். உடும்பு பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. சலித்துப்போனவர்கள் என்ன செய்வார்கள்? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கேப் கோரல் என்ற ஊர் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஆப்பிரிக்காவின் நைல் உடும்புகள் தென்படத் தொடங்கின. வளர்ப்பிலிருந்து தப்பியவையும் கைவிடப்பட்டவையுமே அவற்றின் மூதாதையர் என்று கருதப்படுகிறது. ஊர் முழுதும் ஓடும் கால்வாய்களில் அவை பெருகி, வளையில் வாழும் சிறு ஆந்தைகளுக்கே எமனாகி, அவற்றைப் பொறி வைத்துப் பிடிக்கும் வேலை நகராட்சியின் தலையில் விழுந்தது.

உங்கள் ஊரில் உடும்பைப் பார்க்கக் காசு தேவையில்லை. வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரத்தில் கரையான் புற்று, கிணற்று மேடு, பழைய மரம் ஆகியவற்றைத் தொலைவிலிருந்து நோட்டமிடுங்கள். பிளவுபட்ட நாக்கை அது எத்தனை வினாடிக்கு ஒருமுறை நீட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அது போன பின் மண்ணைப் பாருங்கள்: நடுவில் வால் இழைந்த கோடு, இருபுறமும் நகத் தடங்கள்.